ப்ளேட்டில் வந்த வளையமும் காலில் இருக்கும் புண்ணும்

கேள்வி – பதில்

கல்லூரிகளில் ப்ராஜெக்ட் எழுதும் காலம் வந்துவிட்டது என்பதை இந்த மாதக் கடிதக் கட்டே சொல்லிவிட்டது. பெரும்பாலான கேள்விகள் மூலிகை விதைகளைப் பற்றியவை. நுண்ணுயிரியல் ஆய்வகத்திலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என்னிடம் அனுப்பிவிட்டார். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். மாணவர்களின் கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது. அது நீள வேண்டிய பதில்தான்.

வணக்கம் மேடம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புங்கங்கொட்டையின் எத்தனால் சாற்றை ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி மேல் சோதித்தேன். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவில் 14 மி.மீ. ஜோன் (கிருமி வளராத வளையம்) வந்தது. ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக் வில்லைக்கு 20 மி.மீ. “புங்கன் விதைக்குப் புண்ணை ஆற்றும் சக்தி உண்டு” என்று முடிவுரையில் எழுதலாமா?
– மாணவி, விருதுநகர் மாவட்டம்

எழுதாதீர்கள் அம்மா. 14 மி.மீ. ஜோன் வந்தது என்று எழுதுங்கள், அது உண்மை. புண்ணைப் பற்றி நீங்கள் இன்னும் எதையுமே சோதிக்கவில்லை. அதற்காக வேலை வீணாகிவிட்டது என்று மனம் தளர வேண்டாம். இன்னும் சில படிகள் ஏறினால் இது நன்றாக நிற்கக்கூடிய ஆய்வு.

முதலில் ஒரு கணக்கு. கிருமியை வளர்க்கும் அகார் கூழில் கார்க் போரரால் குடைந்த குழியில் வழக்கமாக 50 மைக்ரோலிட்டர் விடுவோம். நீங்களும் அவ்வளவே விட்டிருந்தால் ஒரு குழிக்குள் போனது 5 மில்லிகிராம் சாறு, அதாவது 5000 மைக்ரோகிராம். பக்கத்தில் வைத்த ஜென்டாமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். ஐந்நூறு மடங்கு அதிகமாகக் கொடுத்தும் சாற்றின் வளையம் சிறியது. கச்சாச் சாற்றில் சர்க்கரை, கொழுப்பு, நிறமி எல்லாம் கலந்திருக்கும், வேலை செய்யும் பொருள் அதில் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பது சரிதான். ஆனாலும் இந்தக் கணக்கை எழுதாமல் 14-ஐயும் 20-ஐயும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், படிப்பவர் “மருந்துக்குக் கிட்டத்தட்ட சமம்” என்று எடுத்துக்கொள்வார்.

அந்த 20 மி.மீ. நல்ல செய்தி, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயன்படுத்தியது ஏ.டி.சி.சி. 25923 என்ற தர ஒப்பீட்டுக் கிருமி வகை என்றால், ஜென்டாமைசினுக்கு 19 முதல் 27 மி.மீ. வரை வர வேண்டும். வந்திருக்கிறது. அகாரின் கனம் 4 மி.மீ., கிருமிக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவு (ஒரு மில்லிலிட்டரில் சுமார் 15 கோடி கிருமிகள்), இரண்டிலும் நீங்கள் கவனமாக இருந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஒருவேளை அது சீனியர் யாரோ ஃப்ரிட்ஜில் விட்டுப்போன ஸ்லான்ட் (கிருமி வளர்த்து வைத்த குழாய்) என்றால், அதை வைத்து மேலே போகாதீர்கள். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. சேமிப்பகத்திலிருந்து எண் போட்ட கிருமி வாங்கித் தரச் சொல்லிக் கல்லூரியில் கேளுங்கள்.

அடுத்து, ஜோனின் அளவு மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. அகார் பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்து ஊர்ந்து பரவும் பொருள்தான் வளையத்தை அகலப்படுத்தும். புங்கங்கொட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதன் முக்கியமான பொருள்களான கரஞ்சின், பொங்கமால் இரண்டுக்கும் தண்ணீர் ஆகாது. அவை குழியைச் சுற்றியே நின்றுவிடலாம். ஆக, சிறிய ஜோன் என்பதால் சக்தி குறைவு என்று முடிவு கட்ட முடியாது. பெரிய ஜோன் என்பதால் சக்தி அதிகம் என்றும் சொல்ல முடியாது. 1966-ல் பாவர், கிர்பி இருவரும் கூட்டாளிகளும் வில்லை முறையை ஒழுங்குபடுத்தியது, சுத்தமான, அளவு தெரிந்த, எவ்வளவு பரவும் என்று தெரிந்த ஆன்டிபயாடிக்குகளுக்காக. நாம் அதே முறையில் பிசுபிசுப்பான சாற்றை ஊற்றிவிட்டு அதே அர்த்தத்தைப் படிக்கிறோம்.

அதனால் அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது எம்.ஐ.சி. கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு எது என்று பாருங்கள். 96 குழித் தட்டில் முதல் குழியிலிருந்து பாதி பாதியாகச் சாற்றை நீர்த்துக்கொண்டே போய், எல்லாக் குழியிலும் ஒரே அளவு கிருமி விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். விதைச் சாறு கலங்கலாக இருப்பதால் வளர்ந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. காலையில் ஒவ்வொரு குழியிலும் ரெசாஸூரின் என்ற நீலச் சாயம் கொஞ்சம் விடுங்கள். உயிருள்ள கிருமி இருந்தால் நீலம் மெல்ல ஊதாவாகி, பிறகு நல்ல ரோஜா நிறமாகும். இல்லாத குழி நீலமாகவே நிற்கும். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸ், நடுவில் ஓர் எல்லை. அந்த எல்லைதான் உங்கள் விடை. கச்சாச் சாற்றுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, சாயம் விடுவதற்கு முன்பே ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் புது அகாரில் இழுத்து வைத்துவிடுங்கள். பின்னர் நீலமாக நின்ற குழியின் துளி அங்கே வளர்ந்தால் சாறு கிருமியைக் கொல்லவில்லை, வளர விடாமல் நிறுத்தி மட்டும் வைத்திருந்தது என்று அர்த்தம்.

உங்கள் கடிதத்தில் கரைப்பானுக்குத் தனிக் குழி வைத்ததாக ஒரு வரிகூட இல்லை. எத்தனாலை ஆவியாக்கியபின் சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்திருப்பீர்கள். சாறே இல்லாத டி.எம்.எஸ்.ஓ.வும், சரியாக ஆவியாகாமல் தங்கிவிட்ட எத்தனாலும் தாமே கிருமியைத் தடுக்கும். அந்தக் குழி இல்லாத ப்ளேட் படத்தை என்னிடம் கொண்டுவந்த மாணவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் ஆய்வு நூலைக் கொடுப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். ஒரே நாளில் ஒரே சாற்றை மூன்று ப்ளேட்டில் போட்டுவிட்டு “மூன்று முறை செய்தேன்” என்பதும் ஆகாது. வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த கிருமியோடு செய்தால்தான் மூன்று முறை.

விதை எங்கே வாங்கினீர்கள்? மரத்தடியில் பொறுக்கினீர்களா, நாட்டு மருந்துக் கடையா? எந்த மாதம்? நிழலில் உலர்த்தினீர்களா? மரத்தின் ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் கொடுத்து, இன்ன தாவரம் என்று சான்று வாங்கி, அந்த எண்ணை ஆய்வில் எழுதுங்கள். புங்கனில் குழப்பம் வராது என்று தோன்றும். ஆனால் கருஞ்சீரகம் என்று வெங்காய விதையையும் காட்டுச்சீரகத்தையும் வாங்கி வந்தவர்கள் உண்டு. பெயர் தவறிப்போனால் அதற்குப் பிறகு வரும் எண் எதுவும் யாருக்கும் பயன்படாது. எண்ணெய் அதிகமுள்ள விதை என்பதால் பொடித்தவுடன் முதலில் ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கொழுப்பை எடுத்துவிட்டு, மிச்சச் சக்கையை எத்தனாலில் ஊறவையுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எத்தனை கிராம் பொடியில் எத்தனை கிராம் சாறு கிடைத்தது என்பதும் வேண்டும்.

சூடு பற்றி ஒன்று. சாக்ஸ்லெட் என்ற சாறு எடுக்கும் கருவியில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தால் சாறு நிறைய வரும், ஆனால் சூடு தாங்காத பொருள் போய்விடும். சீனாவில் து யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது கொதிக்க வைத்த சாறு ஏமாற்றியது. குறைந்த வெப்பநிலையில் ஈதரில் எடுத்தபோதுதான் ஆர்டிமிசினின் கைக்கு வந்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது விதை இல்லை, செடியின் இலை. பாடம் விதைக்கும் பொருந்தும். சாக்ஸ்லெட்டில் ஒரு பங்கும் அறை வெப்பத்தில் ஊறவைத்து ஒரு பங்கும் எடுத்து ஒப்பிட்டால் அதுவே உங்கள் ஆய்வில் ஒரு நல்ல அத்தியாயம்.

இனிமேல்தான் புண். கிருமியைக் கொல்வது சுலபம், ஃபினாயில்கூடக் கொல்லும். புண்ணின் ஓரத்திலிருந்து புதிதாக நகர்ந்து வரும் தோல் செல்லையும், கொலாஜன் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லையும் உங்கள் சாறு உயிரோடு விடுகிறதா? கிருமியைத் தடுக்கத் தேவைப்படும் செறிவிலேயே அந்தச் செல்களும் செத்தால், அது தரை துடைக்க ஆகும், புண்ணுக்கு ஆகாது. செல் வளர்க்கும் வசதி உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் வசதியுள்ள ஆய்வகத்தோடு சேர்ந்து செல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் எம்.டி.டி. சோதனையும் கீறல் சோதனையும் செய்யுங்கள். கீறல் சோதனை பார்க்கவே அருமையாக இருக்கும். கிண்ணத்தின் அடியில் செல்கள் இடைவெளியின்றிப் படர்ந்ததும், 200 மைக்ரோலிட்டர் மஞ்சள் டிப்பின் நுனியால் ஒரே கோடாக இழுப்போம். உதிர்ந்த செல்களைக் கழுவிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் வெறும் பாதை, இரு கரையிலும் செல்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கரையிலிருந்து ஒன்றிரண்டு செல்கள் கால் நீட்டிப் பாதைக்குள் இறங்கியிருக்கும். ஒரு நாளில் பாதை எவ்வளவு குறுகியது என்பதைச் சாறு விட்ட கிண்ணத்திலும் விடாத கிண்ணத்திலும் அளந்து ஒப்பிட வேண்டும். அதில் வித்தியாசம் தெரிந்தால், “புண் ஆறுவதில் உதவக்கூடும், மேலும் ஆராய வேண்டும்” என்று எழுத உங்களுக்கு உரிமை வந்துவிடும்.

இலை, பட்டை, வேர் இருக்க, ஏன் எல்லோரும் விதையைத் தேடுகிறார்கள்? விதையில் தனியாக என்ன இருக்கிறது?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

ஈர மண்ணில் விழுந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் சூழ்ந்திருக்க, முளைக்கும் வரை அழுகாமல் இருக்க வேண்டும் விதை. ஓடிப் போகவோ இலையை உதிர்த்துவிட்டு வேறு இலை விடவோ அதற்கு வழியில்லை. அதனால் தன்னைக் காக்கும் பொருள்களை உள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. டிஃபென்சின் எனப்படும் சிறு புரதங்களைத் தாவரங்களில் முதலில் கண்டது 1990-ல், கோதுமை, பார்லி மணிகளில். முள்ளங்கி விதை முளைவிடத் தோல் கிழிந்த உடனே பூஞ்சையைத் தடுக்கும் புரதத்தைச் சுற்றுப்புறத்தில் கசிய விடுகிறது என்று 1995-ல் காட்டினார்கள். முருங்கை விதையில் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு புரதம் இருக்கிறது. கலங்கல் தண்ணீரில் உள்ள மண் துகள் எதிர்மின்னேற்றம் கொண்டது, இரண்டும் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம்தான் என்பதால் அதுவும் மாட்டிக்கொள்கிறது. அதன் சவ்வையே அந்தப் புரதம் குலைத்துவிடுகிறது. உங்கள் மாணவர்களுக்கு இதைச் செய்தே காட்டலாம். இரண்டு கண்ணாடிக் குவளையில் வாய்க்கால் தண்ணீர், ஒன்றில் மட்டும் தோல் நீக்கிய முருங்கை விதைப்பொடி. ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். தெளிந்த தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

விதையின் காவல் நமக்கும் விஷமாகலாம். எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின், குன்றிமணியில் ஏப்ரின், ஆமணக்கு முத்தில் ரைசின். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். கார்போகரிசியைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் அதிலுள்ள சோரலென் தோலைச் சுட்டுவிடும். மாணவர்களை விதை பொறுக்க அனுப்பும்போது இந்தப் பெயர்களைப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அனுப்புங்கள்.

என் மாமியார் மாட்டுக்கும் எங்களுக்கும் எந்தப் புண்ணானாலும் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுவார். ஆறிவிடும். என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் செருப்பு கடித்த புண் பதினைந்து நாளாக ஆறவில்லை. அதையே போடலாமா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

போட வேண்டாம் அம்மா. இந்த இதழ் உங்கள் கையில் கிடைக்கும் நாளிலேயே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தெரிந்த மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பார்ப்போம் என்றும் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் மாமியாரின் வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மாட்டுப் புண்ணில் வேப்பெண்ணெய் போட்டால் அந்த நாற்றத்துக்கு ஈ அண்டாது, புழு வைக்காது. அதுவே பாதி வைத்தியம். வேப்பங்கொட்டை எண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பிடின் முதலிய பொருள்களை சலிமுஸ்ஸமான் சித்திக்கி 1942-லேயே பிரித்தெடுத்தார், வீக்கத்தைத் தணிக்கும் குணம் அவற்றுக்கு இருக்கிறது. எண்ணெய் புண்ணைக் காயாமலும் வைத்திருக்கும். 1962-ல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், ஈரப்பதம் காத்து மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ஆனால் நல்ல ரத்த ஓட்டம் உள்ள உடம்பில் சிராய்ப்பு தானாகவே ஆறும். எண்ணெய் போட்டதால் ஆறியதா, போடாவிட்டாலும் ஆறியிருக்குமா என்று வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் கணவரின் பாதத்தில் நடப்பது வேறு. சர்க்கரை நாளாவட்டத்தில் கால் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. செருப்பு கடித்ததே அவருக்கு நேரம் கழித்துத்தான் தெரிந்திருக்கும். உள்ளே சீழ் எலும்பு வரை போயிருந்தாலும் வலி இருக்காது. ஆறாத புண்ணில் கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை, பசை போன்ற படலம் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். ப்ளேட்டில் சுலபமாகச் சாகும் கிருமிகூட அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக்குக்கே அசையாது. கடை மஞ்சள் தூளிலும் செக்கு எண்ணெயிலும் கிருமி வித்துகள் இருக்கும், அவையும் புண்ணுக்குள் போய்ச் சேரும். மஞ்சள் அப்பியிருந்தால் புண்ணின் நிறம் மாறுவதை மருத்துவராலும் பார்க்க முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, செத்த சதையை நீக்குவது, பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது, இந்த மூன்றும் இல்லாமல் எந்த எண்ணெயும் எந்தக் களிம்பும் வேலைக்கு ஆகாது. சிவப்பு மேலே ஏறினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ராத்திரியானாலும் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டு ரணஜன்னி ஊசியும் போட்டுக்கொள்ளட்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று. வேப்பெண்ணெயைச் சங்கில் ஊற்றிப் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவில் அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், இறந்த குழந்தையும் உண்டு. ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்.

சிறு வயதில் செங்கல்பட்டில் குஷ்டரோக ஆஸ்பத்திரிப் பக்கம் குடியிருந்தோம். நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டதாக என் தாத்தா சொல்வார். அது உண்மையா? அந்த மருந்து இப்போது ஏன் இல்லை?
– 74 வயது வாசகர், சென்னை

உண்மை. இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது.

நீரடிமுத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரத்தின் விதை. அதன் இனத்தைச் சேர்ந்த பர்மா, வங்காளப் பக்கத்து மரங்களின் விதையெண்ணெய்க்கு சால்மூக்ரா என்று பெயர். தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்த மருந்து. 1854-ல் வங்காளத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் மவாட் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதிய பிறகு மேலை நாட்டு மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வாயில் கொடுத்தால் நோயாளி குமட்டிக் கக்கிவிடுவார். ஊசியாகப் போட்டால் கெட்டி எண்ணெய் தோலுக்கடியில் கட்டி கட்டியாக நின்று தாங்க முடியாத வலி தரும்.

அதைத் தீர்த்தவர் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண். ஹவாய்க் கல்லூரியில் வேதியியலில் 1915-ல் முதுகலைப் பட்டம் வாங்கினார், அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஹாரி ஹோல்மன் என்ற மருத்துவர் கேட்டுக்கொண்டதால், எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து எத்தில் எஸ்டராக மாற்றினார். கெட்டி எண்ணெய் உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஊசி மருந்தாக ஆனது. தன் முடிவுகளை வெளியிடும் முன்பே, 1916 டிசம்பர் 31 அன்று, 24 வயதில் இறந்துபோனார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்தார், அது “டீன் முறை” என்றே ஊரெல்லாம் பரவியது. 1922-ல் ஹோல்மன்தான் அது ஆலிஸ் பாலின் முறை என்று எழுதிப் பதிவு செய்தார். விதை ஆய்வு செய்யும் ஒவ்வொரு மாணவிக்கும் இந்தப் பெண்ணின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மருந்து ஏன் போனது? சிலருக்குக் குணம் தெரிந்தது, பலருக்கு நோய் திரும்ப வந்தது. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. அதே பத்தாண்டில் உங்கள் செங்கல்பட்டிலேயே, லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில், ராபர்ட் காக்ரேன் அந்த வகை மருந்தைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முழுமையாகக் குணமாகிறது, அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

தொழுநோய்க் கிருமியை 1873-ல் ஹான்சன் கண்டுபிடித்தார். இன்றுவரை அதை எந்த அகார் ப்ளேட்டிலும் வளர்க்க முடியவில்லை. 1960-ல் ஷெப்பர்ட் எலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டும் வரை, ஒரு மருந்து அந்தக் கிருமியை என்ன செய்கிறது என்று நோயாளியின் உடம்பிலேதான் பார்க்க வேண்டியிருந்தது. ஜோன் பார்க்க வாய்ப்பே இல்லாத நோய்க்கு ஆயிரக்கணக்கானோர் வலியோடு ஊசி போட்டுக்கொண்டார்கள். உங்கள் தாத்தா பார்த்தது அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியாக இருக்கலாம்.

புண் ஆற்றும் மருந்துக்கு எலியின் முதுகுத் தோலை வெட்டிச் சோதிக்கிறார்கள் என்று படித்தேன். மனசு கேட்கவில்லை. இது அவசியமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் மனசு கேட்காதது சரி. கேட்கக் கூடாது. 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி தராமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. மயக்க மருந்து கொடுத்துத்தான் தோலை எடுக்க வேண்டும்.

அவசியமா என்றால், எல்லா இடத்திலும் இல்லை என்பேன். எலியின் தோலுக்கடியில் மெல்லிய தசைப் படலம் ஒன்று இருக்கிறது. காயம் பட்டதும் அது ஓரங்களை இழுத்துச் சுருக்கிவிடும். எலிப் புண் பெரும்பாலும் சுருங்கி மூடுகிறது. நமக்கு அந்த இழுப்பு மிகக் குறைவு, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே தோல் படர்ந்துதான் ஆற வேண்டும். எலியில் சீக்கிரம் மூடியது என்பதை நம் தோலுக்கு அப்படியே பொருத்த முடியாது. காயத்தைச் சுற்றி வளையம் தைத்துச் சுருங்காமல் பிடித்து வைத்துச் செய்யும் முறை இருக்கிறது. அதைச் செய்யாத ஆய்வுகளே அதிகம் கண்ணில் படுகின்றன. வெறும் களிம்புத்தளம் மட்டும் பூசிய எலிகள் தனியாக இருந்தனவா என்றும் பார்க்க வேண்டும். வாஸ்லின் போன்ற தளமே ஈரப்பதம் காத்துப் பாதி வேலையைச் செய்துவிடும், அந்தப் பெருமையையும் விதைச் சாறு வாங்கிக்கொள்ளும். செல் சோதனையிலேயே தோற்ற சாற்றை எலிவரை கொண்டுபோவது எனக்குச் சம்மதமில்லை. மாணவர் ஆய்வு அங்கேயே நின்றுவிடலாம்.

வேப்பங்கொட்டைக்கு வெளிநாட்டுக்காரர்கள் காப்புரிமை வாங்கியது என்ன ஆயிற்று?
– வாசகர், சிவகங்கை

ரத்தாகிவிட்டது. வேப்பங்கொட்டை எண்ணெயிலிருந்து பூஞ்சைக்கொல்லி செய்யும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் 1994-ல் உரிமை கொடுத்தது. சூழலியலாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தார்கள், 2000-ல் ரத்தானது, மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. புண் ஆற்றும் மஞ்சளுக்கு 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையையும் நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. மஞ்சள் வழக்கில் கைகொடுத்தது எழுத்தில் இருந்த ஆதாரம். உங்கள் பக்கத்து வைத்தியர்களிடம் ஓலையோ நோட்டுப் புத்தகமோ இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்கிறார்களே?
– வாசகி, காயல்பட்டினம்

அது நம்பிக்கை சார்ந்த வாக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆய்வகத்தில் பார்த்தால், அதிலுள்ள தைமோகுயினோன் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகளை நன்றாகவே தடுக்கிறது. வெளிச்சவ்வு கூடுதலாக உள்ள சூடோமோனாஸ் போன்றவற்றிடம் அவ்வளவு எடுபடுவதில்லை. தீக்காயத்தில் பச்சைச் சீழ் பிடிக்கவைத்து ஆளையே சாய்ப்பது அந்த சூடோமோனாஸ்தான். சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள், தீக்காயத்தில் எண்ணெயை ஊற்றாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மகளிர் குழுவாக வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், தேன்மெழுகு கலந்து களிம்பு செய்கிறோம். “வெட்டுக்காயம், சேற்றுப்புண் ஆறும்” என்று லேபிள் ஒட்டிச் சந்தையில் விற்கலாமா? கல்லூரியில் சோதித்துத் தருவார்களா?
– குழுத் தலைவி, திண்டுக்கல் மாவட்டம்

நோய் ஆறும் என்று எழுதிய நிமிடமே அது மருந்து. 1940-ம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி சித்த மருந்துக்கும் தயாரிப்பு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் விற்றால் உங்கள் குழுதான் மாட்டிக்கொள்ளும். அருகில் அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு இருக்கும், அங்கே உள்ள மருத்துவரைப் பார்த்து எந்த நூல் முறைப்படி செய்யலாம், எங்கே விண்ணப்பிப்பது என்று முதலில் கேளுங்கள்.

கொட்டை விஷயத்தில் இப்போதே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஆனி, ஆடியில் விழும் வேப்பம்பழத்தை அன்றன்றே பொறுக்கிச் சதையைக் கழுவி நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கறுத்த கொட்டை, பூஞ்சணம் வாடை அடிக்கிற கொட்டை எதையும் செக்குக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரி எதுவானாலும் உங்களுக்கு முதலில் வேண்டியதைச் செய்து தர முடியும். களிம்பில் என்ன கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை அது. புண்ணில் தடவும் பொருளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் சூடோமோனாஸும் இருக்கவே கூடாது. அது கிருமியைக் கொல்கிறதா என்ற கேள்வியெல்லாம் அப்புறம். துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள், ப்ராஜெக்ட் தேடும் மாணவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். மாதிரி கொடுக்கும்போது பெரிய பாத்திரத்திலிருந்து கரண்டியால் வழித்துக் கொடுக்காதீர்கள். புதிதாக அடைத்த டப்பாக்களை, வேறு வேறு நாளில் காய்ச்சியவற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, காய்ச்சிய தேதியை மேலே எழுதி, மூடியைத் திறக்காமல் அப்படியே கொடுங்கள்.